800 வருட ஓக் மரம் அவ்வளவு சீக்கிரம் எரியுமா? நோத்ர தாம் தீ பற்றி ஒரு சந்தேகம்

மாதவி_ஆர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்ததை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். சரிசெய்து 2024 டிசம்பரில் திறந்தும் விட்டார்கள். ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அதைப் பற்றிய வீடியோக்கள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. போன வாரம் சித்தப்பா ஒன்று அனுப்பினார். பழைய ஓக் உத்திரம் ஒன்றின் மேல் ஒருவர் ஊதுகுழல் விளக்கைப் பிடிக்கிறார், ரொம்ப நேரம் பிடிக்கிறார், மரம் கறுக்கிறதே தவிர பற்றிக்கொள்ளவில்லை. விளக்கை எடுத்ததும் சிறு புகையோடு சரி. "பார்த்தீர்களா, 800 வருடம் காய்ந்து கல்லாகிப் போன மரம் இது, பெட்ரோல் மாதிரி ஏதாவது ஊற்றாமல் ஒரு மணி நேரத்தில் கூரை முழுக்க எரிய வாய்ப்பே இல்லை, யாரோ வைத்த தீ" என்று முடிக்கிறார்.

நான் மறுத்துப் பேசினேன், ஆனால் உண்மையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தத் தேவாலயத்துக்கே முன்பு தலைமைக் கட்டிடக் கலைஞராக இருந்த பெஞ்சமின் மூட்டோன் என்பவரும் பிரெஞ்சு டிவியில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு தீயைப் பார்த்ததில்லை, பழைய ஓக் மரம் ரொம்பக் கடினமானது, அதைப் பற்றவைக்க நிறையச் சின்ன விறகு வேண்டும் என்று. அவர் வாட்ஸப் ஆள் இல்லையே. இன்னொன்று, ஊசிக்கோபுரத்தின் அடியில் நின்ற 16 செப்புச் சிலைகளைத் தீப்பிடிப்பதற்கு நாலு நாள் முன்னால்தான் கிரேன் வைத்து இறக்கினார்கள். அதையும் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

எனக்கு வேண்டியது இதுதான்: பழைய மரம் உண்மையிலேயே எரியாதா? எரியும் என்றால் அந்த வீடியோவில் ஏன் எரியவில்லை? மரம் தெரிந்தவர்கள், தீ தெரிந்தவர்கள் யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.


தச்சுப்பட்டறை எழுதியது:

மரம் கல்லாவது எல்லாம் மண்ணுக்கடியில் பல லட்சம் வருடத்தில் நடக்கிற கதை, கூரையில் நடக்காது.

எங்கள் பட்டறைக்குப் பழைய வீட்டு இடிப்பில் வந்த தேக்கு உத்திரம், கைமரம் எல்லாம் வரும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வைரக்கட்டை. ஆணி அடித்தால் வளையும், துளை போட்டுத்தான் திருகாணி இறக்க வேண்டும், ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும். தொட்டுப் பார்த்தால் யாருக்குமே "இது எங்கே எரியப்போகிறது" என்றுதான் தோன்றும். ஆனால் அதே கட்டையை இழைத்தபோது விழுந்த சுருளை அள்ளி ஒரு தீக்குச்சி காட்டுங்கள், நொடியில் பற்றிக்கொண்டு போகும். மரத்தின் வயது அதே வயது, கடினம் அதே கடினம், மெல்லியதாக ஆனதுதான் வித்தியாசம். ஆக வீடியோவில் எரியாமல் நிற்பது பழமையால் இல்லை, கனத்தால். புதிதாக வெட்டிக் காயவைத்த அதே அளவு உத்திரத்தைக் கொண்டுவந்து அதே விளக்கைக் காட்டினாலும் அதுவும் இப்படித்தான் நிற்கும். அந்த வீடியோக்காரர் பக்கத்தில் ஒரு புதுக்கட்டையை வைத்துக் காட்டியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

இன்னும் ஒன்று. பழைய கட்டை என்றால் வெளிப்பக்கம் வெள்ளைக்கட்டையில், அதாவது வைரம் பாயாத வெளிமரத்தில், பூச்சி துளைத்து உளுத்திருக்கும், வெடிப்பு விட்டிருக்கும், வெடிப்புக்குள் தூசி அடைந்திருக்கும். தீ பிடிக்க அதெல்லாம் வசதிதான், இடைஞ்சல் இல்லை.


அனல்காற்று எழுதியது:

தீப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், மாதவி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தச்சுப்பட்டறை சொன்னது முழுக்கச் சரி. கனமான மரம் சூடாகும்போது வெளித்தோல் கரியாகிறது. அந்தக் கரி உள்ளே இருக்கிற மரத்துக்கு ஒரு கவசம். அதனால்தான் பெரிய உத்திரம் மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் கருகிக்கொண்டு போகும். கட்டிடக் கணக்கில் கடின மரத்துக்கு நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர், மென்மரத்துக்கு 0.65 மி.மீ. அளவில் எடுத்துக்கொள்வது ஐரோப்பிய வழக்கம். இந்தக் கணக்கில் மரத்தின் அடர்த்தி வருகிறது, வயது எங்கேயும் வருவதில்லை. ஈரப்பதமும் அப்படித்தான். வெட்டிய மரம் சில வருடங்களிலோ, தடித்த கட்டையானால் சில பத்தாண்டுகளிலோ, சுற்றியிருக்கும் காற்றுக்கு ஏற்ற ஒரு அளவுக்குக் காய்ந்து நின்றுவிடும். அதற்குமேல் 800 வருடம் விட்டுவைத்தாலும் இன்னும் காய்வதும் இல்லை, இறுகுவதும் இல்லை. ஆகவே "800 வருடம் காய்ந்ததால் பஞ்சு போல எரிந்தது" என்று அன்று சில செய்திகளில் சொன்னதும் தவறு, "800 வருடம் இறுகியதால் எரியாது" என்பதும் தவறு.

சரி, மெதுவாகக் கருகும் மரம் ஏன் அவ்வளவு வேகமாக விழுந்தது? இங்கேதான் ஒற்றைக் கட்டைக்கும் கூரைக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. விறகடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டையை மட்டும் தனியாக இழுத்து வைத்தால் அணைந்துவிடும், மூன்றைச் சேர்த்து வைத்தால் ஒன்றின் சூட்டில் மற்றொன்று எரியும். நோத்ர தாம் கூரைப் பரணுக்கு "காடு" என்றே பெயர், அத்தனை மரம். நூறு மீட்டருக்கு மேல் நீளம், கல் வளைவுக் கூரைக்கு மேலே ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே பெரிய கூடம், நடுவில் தீயைத் தடுக்கும் சுவர் கிடையாது, தண்ணீர் தெளிக்கும் அமைப்பு கிடையாது. உத்திரமும் கைமரமும் தாங்குகட்டையும் இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் காற்று. மேலே மெல்லிய பலகை அடித்து அதன்மேல் காரீயத் (lead) தகடு. மூட்டோன் கேட்ட "சின்ன விறகு" அங்கேயே இருந்தது: அந்தப் பலகைகள், பல நூற்றாண்டுத் தூசி, மரத்துகள், பறவைக் கூடு.

தீ ஓர் இடத்தில் நிலைகொண்டதும் சூடான வாயு எல்லாம் கூரை உச்சியில் தேங்குகிறது. தகடு அதை வெளியே விடாது. அந்தச் சூடு கீழே இருக்கிற எல்லாக் கட்டையின் மேலும் ஒரே நேரத்தில் இறங்குகிறது. 250 முதல் 300 டிகிரிக்குள் மரம் எரியும் வாயுவை வெளிவிட ஆரம்பித்துவிடும், காரீயம் 327 டிகிரியில் உருகும். தகடு உருகி ஓட்டை விழுந்ததும் மேலே புகைபோக்கி கிடைத்துவிட்டது, கீழேயிருந்து புதுக்காற்று இழுக்கிறது. அதற்கப்புறம் ஊதுகுழல் விளக்கு ஒன்றுமே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. சதுரக் கட்டை, நாலு பக்கமும் தீ, நிமிடத்துக்கு 0.6 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. கரி. மிச்சம் 128 மி.மீ. சதுரம், அதாவது குறுக்குவெட்டில் நூற்றுக்கு 41 பங்குதான் மரமாக இருக்கிறது. வளையாமல் தாங்கும் வலு அதைவிடக் குறைவு, ஏனென்றால் அது தடிமனின் மும்மடிக் கணக்கில் இறங்கும். உண்மையான கடுந்தீயில் வேகம் இன்னும் கூடும். ஊசிக்கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மத்தியகாலத்து மரமே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-டுக் என்ற கட்டிடக் கலைஞர் வைத்தது, சுமார் 500 டன் மரமும் 250 டன் காரீயமும். அவ்வளவு எடை, கால்கள் எரிகிற நெருப்புக்குள். எட்டு மணிக்குச் சற்று முன் அது சாய்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பெட்ரோல் தேவைப்படவில்லை.


குறுக்குக்கேள்வி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் இருவரும் "எரியும்" என்று நிரூபித்தீர்கள், "யாரும் வைக்கவில்லை" என்று நிரூபிக்கவில்லை. இதுவரை இதுதான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இத்தனை பெரிய நாடு, இத்தனை நிபுணர்கள். காரணம் தெரியாத நிலையில் சதி இல்லை என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்? நான் வாட்ஸப் வீடியோவை நம்பவில்லை, ஆனால் சந்தேகப்படுகிறவர்களை எல்லாம் முட்டாள் என்று ஒதுக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை.


செய்ன்நதி எழுதியது:

நான் பாரிசில் இருக்கிறேன். அந்த மாலை ஆற்றின் இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். சுற்றி நின்றவர்கள் முழங்காலில் இருந்து பாட்டுப் பாடினார்கள், அது ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். கோபுரம் விழுந்ததும் ஒரு ஓலம் எழுந்தது. மஞ்சளாகப் புகை வந்தது, காரீயம் எரிந்த நிறம் என்று பிறகு சொன்னார்கள். அப்போதே என் பக்கத்தில் நின்றவர் "இது தானாக எரிகிற தீ இல்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அதனால் இந்தச் சந்தேகம் எனக்குப் புதிது இல்லை, அதை முட்டாள்தனம் என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் சகோதரரே, விசாரணையில் வெளியே வந்ததைச் சேர்த்துப் பாருங்கள். 2019 ஜூன் மாதம் பாரிஸ் அரசு வழக்கறிஞர் ரெமி ஹைட்ஸ், குற்றச் செயல் என்று காட்டும் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்றும், சரியாக அணைக்காத சிகரெட், மின்கோளாறு போன்றவற்றை ஆராய்கிறோம் என்றும் அறிவித்தார். பிறகு அது விசாரணை நீதிபதிகளிடம் போனது. சாரத்தில் வேலை செய்தவர்களில் சிலர் தடையை மீறிப் புகைபிடித்ததை ஒப்புக்கொண்டார்கள். ஊசிக்கோபுரத்துக்குள் மின்சாரத்தில் இயங்கும் சிறு மணிகளும் இருந்தன. சிகரெட் ஒரு உத்திரத்தை எரிக்காது, ஆனால் தூசிக்குள், கூட்டுக்குள் விழுந்தால் வெளியே தெரியாமல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். எது காரணம் என்று சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் எளிமையானது. தீ தொடங்கிய பகுதி முழுக்கக் கருகி, மேலிருந்த கோபுரத்தோடும் உருகிய காரீயத்தோடும் கீழே கொட்டிவிட்டது. அந்தக் குவியலை ரோபோக்களை வைத்துத்தான் பொறுக்கினார்கள்.

சதி என்றால் இங்கே மூடி மறைப்பார்கள் என்ற பேச்சுக்கு பிரான்சின் நாந்த் நகரம் பதில். 2020 ஜூலை 18 அன்று நாந்த் தேவாலயத்தில் தீப்பிடித்தது, பெரிய ஓர்கன் வாத்தியம் சாம்பலானது. மூன்று தனித்தனி இடங்களில் தீ தொடங்கியதைக் கண்டுபிடித்த உடனே அரசு வழக்கறிஞர் தீவைப்பாக இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அங்கே தொண்டராக இருந்த ஒருவரே வைத்தது தெரிந்து 2023இல் நாலு வருடத் தண்டனை கிடைத்தது. நோத்ர தாமுக்கு அடுத்த வருடமே இது.

சிலைகள் பற்றி: அந்த ஊசிக்கோபுரத்தைப் பழுதுபார்க்கத்தான் சாரமே கட்டினார்கள். சிலைகளை இறக்கினால்தான் வேலை தொடங்க முடியும். வேலை நடந்ததால் சிலைகள் இறங்கின, வேலை நடந்ததால் தீயும் பிடித்திருக்கலாம். இரண்டையும் கோர்ப்பது அந்தச் சாரம்தான்.


தச்சுப்பட்டறை எழுதியது:

சாரம் என்றதும் சொல்கிறேன், பழைய கட்டிடங்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சும்மா நின்றுவிட்டுப் பழுதுபார்க்கும்போதுதான் எரிகின்றன. பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத்தின் கூரை 1836இல் போனது கூரை வேலைக்காரர்களின் கவனக்குறைவால். அதற்கும் "காடு" என்றுதான் பெயராம். நாந்த் கூரை 1972இல் முதலில் எரிந்ததும் ஒரு தொழிலாளியின் ஊதுவிளக்கால், அப்புறம் அங்கே கான்கிரீட்டில் கூரை போட்டார்கள், 2020இல் கூரை தப்பியதும் அதனால்தான். கோபன்ஹேகனில் 1600களில் கட்டிய பழைய பங்குச்சந்தைக் கட்டிடம் 2024 ஏப்ரலில் எரிந்தபோதும் சுற்றிச் சாரம் நின்றது. எங்கள் தொழிலில் வெல்டிங், கட்டிங், தார் காய்ச்சுவது எதுவும் மரத்துக்குப் பக்கத்தில் நடந்தால் வேலை முடிந்தும் ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். அந்த ஒரு ஆள் கூலிதான் முதலில் வெட்டுப்படும். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது, சதியைத் தேடுகிறவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.


அனல்காற்று எழுதியது:

குறுக்குக்கேள்வி கேட்டது நியாயமான கேள்வி. காரணம் உறுதியாகவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் மறுப்பது ஒன்றைத்தான்: "ஓக் எரியாது, ஆகவே சதி" என்ற அந்த "ஆகவே". மரத்தின் குணத்திலிருந்து அந்த முடிவு வராது. தீவைப்பு என்று சொல்ல வேண்டுமானால் நாந்தில் கிடைத்த மாதிரித் தனித் தடயம் வேண்டும். சியோலில் 2008இல் சுங்நியேமுன் என்ற பழைய நகரவாயில் எரிந்தது. பெயிண்ட் தின்னர் ஊற்றி ஒருவர் வைத்தது, உடனே பிடித்தும் விட்டார்கள். அங்கேயும் ஒரு பாடம்: வெளியே அணைந்துவிட்டது என்று தீயணைப்புக்காரர்கள் நினைத்தார்கள், ஓட்டுக்கு அடியில் மரத்துக்குள் கனன்றுகொண்டே இருந்து கடைசியில் கூரையே விழுந்தது.

காரணம் தெளிவில்லாத இடத்தில் ஆட்கள் கதை சேர்ப்பது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1984 ஜூலையில் இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டர் கூரை எரிந்தபோது, மூன்று நாள் முன் அதே கோயிலில் பதவியேற்ற ஒரு ஆயரின் கருத்துகள் பிடிக்காமல் கடவுள் அனுப்பிய தீ என்று பேசினார்கள். மின்னலாகத்தான் இருக்கும் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். இன்று கடவுள் இருந்த இடத்தில் வேறு யாரையாவது வைக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஏதாவது ஒரு மதத்தவரை. அதனால்தான் இதை லேசாக விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. "பழைய ஓக் மெதுவாகத்தான் எரியும்" என்ற அதே நம்பிக்கை நோத்ர தாமின் பாதுகாப்புத் திட்டத்துக்குள்ளேயும் இருந்தது. தீப்பிடித்தாலும் நேரம் இருக்கும் என்று வைத்து, எச்சரிக்கை வந்தால் முதலில் ஒரு ஆள் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம்தான் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அன்று மாலை 6.20 வாக்கில் முதல் எச்சரிக்கை வந்தது. காவலர் போய்ப் பார்த்தது பக்கத்து இணைப்புக் கட்டிடத்தின் பரணை. அங்கே ஒன்றும் இல்லை. பிரதான பரண் என்று தெரிந்து முந்நூறு படி ஏறிப் போனபோது உள்ளே நெருப்பு. கிட்டத்தட்ட அரை மணி நேரம் போய்விட்டது. நான் மேலே போட்ட கணக்கில் அரை மணி நேரம் என்றால் என்ன என்று நீங்களே பாருங்கள். சித்தப்பா வீடியோவில் நம்புவதைத்தான் பொறுப்பில் இருந்தவர்களும் நம்பினார்கள்.


செய்ன்நதி எழுதியது:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வடக்கு மணிக்கூண்டுக்குள் மணிகளைத் தாங்குவதும் மரச்சட்டம்தான். தீ அதற்குள் போய்விட்டது. அது எரிந்து மணிகள் விழுந்திருந்தால் கோபுரமே இறங்கியிருக்கும், ஒன்று இறங்கினால் மற்றொன்றும் கேள்விக்குறி. தீயணைப்பு வீரர்கள் கூரையை விட்டுக்கொடுத்துவிட்டு, உயிரைப் பணயம் வைத்து அந்தக் கூண்டுக்குள் ஏறி அணைத்தார்கள். கனத்த மரம் மெதுவாகக் கருகும் என்ற உண்மை அங்கே உதவியது. சட்டம் தாங்கியது, அவர்களுக்கு ஏற நேரம் கிடைத்தது.


மாதவி_ஆர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று, புதுக்கூரையும் அதே ஓக்கில்தானே போட்டிருக்கிறார்கள்? இத்தனைக்கும் பிறகு ஏன் மரம்?


தச்சுப்பட்டறை எழுதியது:

ஆமாம், ஓக்தான். "அவ்வளவு பெரிய மரம் இனி பிரான்சில் இல்லை" என்று முதலில் சொன்னார்கள், ஆனால் நாடு முழுக்கக் காடுகளிலிருந்து சுமார் 2000 மரம் வந்து சேர்ந்தது. நடுக்கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் பச்சை மரத்தையே கோடாலியால் செதுக்கிச் சேர்த்தார்கள், பழைய முறைப்படி. அந்த வீடியோக்களைப் பார்த்து நான் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை மரம் கூரையிலேயே மெல்லக் காயும், அப்போது பொருத்துகள் கொஞ்சம் முறுக்கும், அதற்கு இடம் கொடுத்துத்தான் வெட்டுவார்கள்.


அனல்காற்று எழுதியது:

ரைம்ஸ் தேவாலயத்தில் 1914இல் குண்டுவீச்சில் கூரை எரிந்த பிறகு கான்கிரீட் சட்டம் வைத்தார்கள், ஷார்த்ரில் இரும்பு. அதுவும் நல்ல வழிதான், எனக்கு அதில் குறை இல்லை. நோத்ர தாமில் மரத்தை வைத்துக்கொண்டு சுற்றியிருந்த ஏற்பாட்டை மாற்றினார்கள்: பரணைத் தீ தாண்டாதபடி பகுதிகளாகப் பிரித்தது, நுண்ணிய நீர்ப்புகை தெளிக்கும் குழாய்கள், புதிய கண்காணிப்பு. என்னைக் கேட்டால் நீர்ப்புகைதான் முக்கியம். யாரும் ஓடிப்போய்ப் பார்த்து உறுதிசெய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்க முடிகிற ஏற்பாடு அது.


மாதவி_ஆர் எழுதியது:

புரிந்தது. அந்த 20 செ.மீ. கட்டைக் கணக்கையும் நாந்த் விஷயத்தையும் அப்படியே குழுவில் போடுகிறேன், சித்தப்பா முன்பு மின்வாரியத்தில் இருந்தவர், கணக்கு என்றால் உட்கார்ந்து படிப்பார்.

கிளாஸ்கோ கலைப் பள்ளி 2014இல் ஒரு முறை, சீரமைப்பு நடக்கும்போதே 2018இல் மறுபடி ஒரு முறை எரிந்ததாகப் படித்தேன். இரண்டாவது தீயின் காரணமும் உறுதியாகவில்லை என்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்கினால் அனல்காற்றும் தச்சுப்பட்டறையும் வருவீர்களா?